சாலை இறப்புகளும் அரசின் பொறுப்பும்: மலேசிய அனுபவம் (1946–2025)

முன்னுரை

மலேசியச் சாலைகளில் 1996ஆம் ஆண்டு 6,304 பேர் உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு உயிரிழந்தோர் 6,167 பேர். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் பலவாகும். சாலைப் பாதுகாப்புக்கெனத் தனித் துறை ஒன்று 2004ஆம் ஆண்டிலும் ஆய்வுக் கழகம் ஒன்று 2007ஆம் ஆண்டிலும் தோன்றின. தேசியத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடப்பட்டன. பெருநாள் காலங்களில் காவல் துறை ஆயிரக்கணக்கில் சம்மன்களை வழங்கியது. எனினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 பேர் சாலையில் இறக்கும் நிலை மாறவில்லை.

இதனைக் கொண்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என முடிவு கட்டுவது பொருந்தாது. அதே காலத்தில் பதிவு பெற்ற ஊர்திகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 77 இலட்சத்திலிருந்து 3 கோடிக்கும் மேலாக உயர்ந்தது. ஊர்திகள் நான்கு மடங்காகியும் இறப்புகள் நான்கு மடங்காகவில்லை என்பது சிறிய செய்தியன்று. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளுள் எவை உயிர்களைக் காத்தன? எவை காக்கவில்லை? அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

இக்கேள்விகளுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. சாலைச் சாவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்கு அரசு ஒவ்வொரு காலத்திலும் அளித்த விடையே அதன் நடவடிக்கைகளை வடிவமைத்துள்ளது என்பதும், பொறுப்பைத் தனிமனிதனின் மனப்பான்மையோடு நிறுத்திக்கொண்ட காலங்களைக் காட்டிலும் சாலை, ஊர்தி, நிறுவனம் ஆகியவற்றின் மீதும் அதனைச் சுமத்திய காலங்களிலேயே மிகுந்த பயன் விளைந்துள்ளது என்பதும் நமது கருத்தாகும்.

சொல்லும் கருத்தும்

முதலில் சொல்லை நோக்குவோம். வடமொழி வழிவந்த ‘விபத்து’ என்னும் சொல்லுக்குக் கேடு, இடர் என்பன பொருள். மலாய் மொழியில் வழங்கும் ‘கெமாலாங்கான்’ என்பது தீயூழைக் குறிக்கும் ‘மாலாங்’ என்னும் அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. இரு சொற்களும் நேர்ந்ததைக் கூறுகின்றனவேயன்றி, நேரச் செய்ததைக் கூறுவதில்லை. ஊழின்மேல் ஏற்றப்பட்ட ஒன்றுக்குக் காரணம் தேடும் முயற்சி எளிதில் எழாது. இக்குறையை உணர்ந்தே பிரித்தானிய மருத்துவ இதழ், இச்சொல்லுக்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்க்கப்போவதாக 2001ஆம் ஆண்டு அறிவித்தது.

ஊழ் என்னும் விளக்கத்திற்கு அடுத்து வந்தது குற்றம் என்னும் விளக்கம். ஓட்டுநர் கவனக் குறைவாக இருந்தார், விரைந்து ஓட்டினார், ஆகவே இறப்பு நேர்ந்தது என்பது அதன் வடிவம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பாலான அரசுகள் இவ்விளக்கத்தையே ஏற்றிருந்தன. சட்டம் இயற்றுதல், தண்டித்தல், அறிவுறுத்தல் ஆகிய மூன்றும் அவற்றின் கருவிகளாயின.

அமெரிக்காவில் 1960களில் இவ்விளக்கம் கேள்விக்குள்ளாயிற்று. 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் வெளியிட்ட நூல், கார் உற்பத்தியாளர்கள் பாதுகாப்பற்ற ஊர்திகளை விற்பதைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே ஊர்திப் பாதுகாப்புக்கான கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி அமைந்த கூட்டரசு அமைப்பின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற வில்லியம் ஹேடன் ஒரு மருத்துவர். தொற்றுநோயை ஆராயும் முறையிலேயே அவர் சாலைக் காயங்களையும் ஆராய்ந்தார். மோதலுக்கு முன், மோதலின்போது, மோதலுக்குப் பின் என்னும் மூன்று நிலைகளையும் மனிதர், ஊர்தி, சூழல் என்னும் கூறுகளோடு பொருத்திப் பார்த்தால், ஓட்டுநரின் நடத்தை பல கட்டங்களுள் ஒன்று மட்டுமே என்பது புலனாகும் என்பது அவர் காட்டிய வழி.

சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ‘சுழிய நோக்கு’ இச்சிந்தனையை அரசுக் கொள்கையாக்கியது. மனிதர் தவறு செய்வர்; அத்தவறுக்கு உயிர் விலையாகாதவாறு சாலையை அமைப்பது அதனை வடிவமைப்போரின் கடமை என்பது அதன் சாரம். மனித உடல் தாங்கவல்ல மோதல் விசையே வேக வரம்பைத் தீர்மானிக்க வேண்டும் எனவும் அது கருதியது. அவ்வாண்டு சுவீடனில் சாலையில் இறந்தோர் 541 பேர். 2020ஆம் ஆண்டு 204 பேர்.

இவ்விரு பார்வைகளையும் மனத்திற்கொண்டு மலேசிய வரலாற்றை நோக்குவோம்.

பதிவேடும் தண்டனையும்

போருக்குப் பிந்திய மலாயாவில் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஊர்திகளைப் பதிவு செய்வதற்கும் ஆய்வு செய்வதற்குமான இலாகா அமைக்கப்பட்டது. இன்றைய சாலைப் போக்குவரத்து இலாகாவின் தொடக்கம் அதுவே. விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்திக்குப் பதிவு, ஓட்டுநருக்கு உரிமம், மீறலுக்குத் தண்டனை என்பன அதன் தூண்கள். அதன் இடத்தைப் பிடித்த 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தல், கவனமின்றி ஓட்டுதல் ஆகிய குற்றங்களை வரையறுத்துத் தண்டனைகளை விதித்தது.

இச்சட்டங்கள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் ஓட்டுநரையே நோக்கின. வளைவு தவறாக அமைந்த சாலைக்கோ, நடந்து கடப்போருக்கு வழி விடாத நெடுஞ்சாலைக்கோ குற்றவாளிக் கூண்டில் இடமில்லை. ஒரே இடத்தில் பலர் அடுத்தடுத்து இறந்தாலும், ஒவ்வோர் இறப்பும் தனித்தனி ஓட்டுநரின் தனித்தனிப் பிழையாகவே பதிவேட்டில் ஏறியது.

தலைக்கவசம் முதல் முகப்பு விளக்கு வரை

1970களில் தொடங்கி இருபது ஆண்டுகள் மலேசிய அரசு மேற்கொண்ட சில நடவடிக்கைகள் தனிக் கவனத்திற்குரியன. அவற்றுள் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பற்றியவை. அதற்குக் காரணமுண்டு. மலேசியாவில் மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்குக்கானதன்று. அது உழைப்பவரின் ஊர்தி. தோட்டப்புறங்களை விட்டுத் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடிச் சென்ற தமிழர் பலருக்கும் சிறிய மோட்டார் சைக்கிளே குடும்பத்தின் முதல் இயந்திர ஊர்தியாக அமைந்தது. பதிவு பெற்ற ஊர்திகளுள் ஏறத்தாழப் பாதி மோட்டார் சைக்கிள்களே. சாலையில் இறப்போருள் அவற்றில் செல்வோரின் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடும் அதற்கு மேலுமாகும்.

முதல் நடவடிக்கை தலைக்கவச விதி. 1973ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விதியின் விளைவை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, மோட்டார் சைக்கிள் இறப்புகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டது.

இரண்டாவது தனித்தடம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்தில் உலக வங்கியின் துணையோடு மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. உலகில் இவ்வகையில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகின்றது. 1990களின் தொடக்கத்தில் இத்தடம் நீட்டிக்கப்பட்டது. புத்ரா மலேசியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராடின் உமார் ராடின் சொஹாடியும் பிறரும் நிகழ்த்திய ஆய்வு, நீட்டிப்பின் பின்னர் அங்கு மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கனவுந்தும் மோட்டார் சைக்கிளும் ஒரே தடத்தில் செல்லாதபோது, ஓட்டுநர் நல்லவரா அல்லரா என்னும் கேள்வியின் கூர்மை பெரிதும் மழுங்கிவிடுகின்றது.

மூன்றாவது முகப்பு விளக்கு. மோட்டார் சைக்கிளைக் காணவில்லை என்பது மோதிய கார் ஓட்டுநர்கள் அடிக்கடி கூறும் காரணம். 1992ஆம் ஆண்டு பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கை எரியவிடும் இயக்கம் தொடங்கி, அதே ஆண்டில் அது விதியாக்கப்பட்டது. சிரம்பான், ஷா ஆலாம் ஆகிய நகரங்களில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு, கண்ணுக்குப் புலப்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கினால் சில பொதுக் கூறுகள் தென்படுகின்றன. தனித்தடம் பயணிப்பவரிடம் எவ்வகை மன மாற்றத்தையும் கோரவில்லை. தலைக்கவசமும் முகப்பு விளக்கும் செயலைக் கோரின, ஆனால் அச்செயல் எளியது, ஒரே தன்மையது, சாலையோரத்தில் நிற்கும் காவலர் ஒரு நொடியில் கண்டறியத் தக்கது. பொறுமை, பண்பு, விட்டுக்கொடுத்தல் போன்ற அளக்க முடியாத குணங்களை அவை சார்ந்திருக்கவில்லை. மூன்றின் விளைவும் பின்னர் ஆய்வாளர்களால் அளக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அளப்பதற்கு அடிப்படையாக அமைந்தது தரவு. காவல் துறை விபத்துகளைப் பதிவு செய்யும் ‘போல் 27’ படிவம் 1991ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்டது. பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுக்கூடம் உருவாக்கிய கணினி நிரலின் துணையோடு, விபத்து நேர்ந்த இடமும் தன்மையும் தொகுத்து ஆராயப்பட்டன. ஒரே சாலைச் சந்திப்பில் மீண்டும் மீண்டும் நேரும் மோதல்கள் இதனால் கண்டறியப்பட்டு, ‘கரும்புள்ளி’ எனப்படும் அவ்விடங்களைத் திருத்தியமைக்க வழி பிறந்தது. பொதுப்பணித் துறை 1997ஆம் ஆண்டு சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. சாலையைக் கட்டி முடித்து, மக்கள் இறந்த பின் திருத்துவதைவிட, வரைபட நிலையிலேயே குறை காண்பது அதன் நோக்கம்.

இலக்கும் எண்ணும்

1990ஆம் ஆண்டில் சாலை இறப்புகள் 4,048 ஆக இருந்தன. 1995இல் அவை 5,712 ஆக உயர்ந்தன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாலைப் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு உருவாகி, 2000ஆம் ஆண்டிற்குள் இறப்புகளை 30 விழுக்காடு குறைப்பது என்னும் தேசிய இலக்கு வகுக்கப்பட்டது. பல அமைச்சுகளுக்குள் சிதறிக் கிடந்த பொறுப்பை ஓரிடத்தில் திரட்டிய வகையில் இது பெரும் முன்னேற்றமாகும்.

எனினும் அந்த 30 விழுக்காடு எதிலிருந்து குறைக்கப்பட வேண்டும் என்பதை நாம் நோக்க வேண்டும். நடவடிக்கை ஏதும் எடுக்காவிடில் 2000ஆம் ஆண்டில் 9,127 பேர் இறப்பர் எனக் கணித மாதிரியொன்று முன்னுரைத்தது. அதில் 30 விழுக்காட்டைக் கழித்தால் இலக்கு ஏறத்தாழ 6,389 ஆகின்றது. 1996இல் உண்மையில் இறந்தோர் 6,304 பேர். அதாவது, எட்ட வேண்டிய இலக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த இறப்புகளைவிடக் கூடுதலாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் 6,035 பேர் இறந்தனர், இலக்கு எட்டப்பட்டது.

2014–2020 திட்டத்திலும் இதே முறை கையாளப்பட்டது. 2020ஆம் ஆண்டில் 10,716 பேர் இறக்கக்கூடும் என முன்னுரைக்கப்பட்டு, அதில் பாதியான 5,358 இலக்காக வைக்கப்பட்டது. 2020இல் இறந்தோர் 4,634 பேர். ஆனால் அவ்வாண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்ததை நாம் மறக்கவியலாது. சாலைகள் வெறிச்சோடியதால் எண்ணிக்கை வீழ்ந்தது. மக்கள் மீண்டும் சாலைக்கு வந்த 2022ஆம் ஆண்டில் 6,080 பேரும், 2023இல் 6,443 பேரும் உயிரிழந்தனர்.

முன்னுரைப்பை அடிப்படையாகக் கொள்வது முற்றிலும் தவறன்று. ஊர்திகள் பெருகும் நாட்டில், நடவடிக்கை இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அறிய அஃது உதவும். ஆயினும் அது காட்டும் வெற்றி, நேராத சாவுகளைக் குறித்தது. நேர்ந்த சாவுகள் அப்படியே இருக்கின்றன.

10,000 ஊர்திகளுக்கு எத்தனை இறப்பு என்னும் குறியீடும் இவ்வாறே ஆராயத் தக்கது. 1996இல் 8.2 ஆக இருந்த இக்குறியீடு 2000இல் 5.7 ஆகவும் 2010இல் 3.4 ஆகவும் குறைந்தது. ஆனால் இறப்புகளோ 6,304, 6,035, 6,872 என இருந்தன. குறியீடு பாதிக்கும் கீழே இறங்கிய அதே காலத்தில் சவப்பெட்டிகள் குறையவில்லை. பிரித்தானியப் புள்ளியியலாளர் ஆர்.ஜே. ஸ்மீட், 20 நாடுகளின் 1938ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 1949இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள்தொகையோடு ஒப்பிட ஊர்திகள் பெருகப் பெருக ஊர்தி ஒன்றுக்கான இறப்பு விகிதம் குறைந்து செல்வதைச் சுட்டியிருந்தார். ஆகவே இக்குறியீட்டின் வீழ்ச்சியில் ஒரு பகுதி, கொள்கையின் பயனாக அன்றி ஊர்திப் பெருக்கத்தின் விளைவாகவும் இருத்தல் கூடும். மேலும், பதிவேட்டில் இடம்பெற்ற ஊர்திகள் யாவும் சாலையில் ஓடுவனவல்ல. பழுதாகி வீட்டு முற்றத்தில் கிடக்கும் மோட்டார் சைக்கிளும் குறியீட்டைக் குறைத்துக் காட்டும்.

2006–2010 திட்டம் இக்குறியீட்டை 2.0க்குக் குறைக்க எண்ணியது. 2010இல் எட்டியதோ 3.4. 2022–2030 திட்டம் 2030ஆம் ஆண்டிற்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைப்பதை நோக்கமாகக் கொண்டுள்ளது. ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த இரண்டாம் பத்தாண்டுச் செயல்திட்டத்தோடு இஃது இசைந்தது. எந்த எண்ணைக் குறைக்க முயல்கின்றோம் என்பதைத் தெளிவுபடுத்துவதே இத்தகைய திட்டங்களின் முதற்படி.

மனப்பான்மை என்னும் விளக்கம்

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஓட்டுநரின் மனப்பான்மை மீண்டும் முன்னிலைக்கு வந்தது. 2001ஆம் ஆண்டு காவல் துறை தொடங்கிய பெருநாள் காலக் கண்காணிப்பிற்கு ‘ஓப்ஸ் சிக்காப்’ எனப் பெயரிடப்பட்டது. ‘சிக்காப்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு மனப்பான்மை என்பதே பொருள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய காலங்களில் நாளிதழ்கள் அன்றாடம் இறந்தோர் எண்ணிக்கையை வெளியிட்டன. பெருநாள் முடிந்ததும் அக்கணக்கு செய்தியிலிருந்து மறைந்தது. ஏனைய நாள்களிலும் சாவு ஏறத்தாழ அதே விகிதத்தில் தொடர்ந்ததை மக்கள் அதிகம் கவனிக்கவில்லை.

கண்காணிப்பு பயனற்றது என்பது நமது கருத்தன்று. பிடிபடுவோம் என்னும் எண்ணம் நிலையாக இருக்கும்போதே அது நடத்தையை மாற்றுகின்றது. இரு வாரங்கள் மிகுந்தும் ஐம்பது வாரங்கள் குறைந்தும் இருக்கும் கண்காணிப்பு அவ்வெண்ணத்தை வேரூன்றச் செய்யாது.

நிலையான கண்காணிப்புக்கான முயற்சி 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தானியங்கி அமலாக்க முறையாக வந்தது. வேக மீறலையும் சிவப்பு விளக்கு மீறலையும் படமெடுக்கும் 14 கேமராக்களோடு அது தொடங்கியது. நாடு முழுவதும் 831 கேமராக்கள் பொருத்தப்படவிருந்தன. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கு அபராதத் தொகையில் பங்கு உண்டு என்னும் ஏற்பாடு மக்களின் ஐயத்தை எழுப்பியது. அரசியல் எதிர்ப்பும் சட்ட வினாக்களும் சேர்ந்துகொள்ள, அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்ற நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு இம்முறை ‘அவாஸ்’ என்னும் பெயரில், குற்றப் புள்ளி முறையோடு இணைத்து மாற்றியமைக்கப்பட்டது. இதிலிருந்து நாம் கற்பது யாதெனில், கருவி சரியானதாயினும் அதன் நோக்கம் உயிரா வருமானமா என்னும் ஐயம் எழுந்துவிட்டால் மக்கள் அதனை ஏற்பதில்லை என்பதாகும்.

இருக்கைப் பட்டை விதியின் வரலாறும் அரசின் கால தாமதத்தைக் காட்டுகின்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் உலகிலேயே முதன்முதலாக இருக்கைப் பட்டை அணிவதைக் கட்டாயமாக்கியது. மலேசியாவில் முன்னிருக்கையில் அமர்வோருக்கு 1979இல் அவ்விதி வந்தது. பின்னிருக்கையில் அமர்வோருக்கு 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் வந்தது. குழந்தை இருக்கை 2020இல் கட்டாயமானது. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையிலான சில அடித் தொலைவைச் சட்டம் கடக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

பேருந்துகள் கற்பித்த பாடம்

நிறுவனப் பொறுப்பு என்னும் கருத்தை மலேசியாவில் வலுப்பெறச் செய்தவை பேருந்து விபத்துகளே. 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேராக் மாநிலம் புக்கிட் கந்தாங் அருகே விரைவுப் பேருந்து கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் கேமரன் மலைச் சாலையில் 28 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கெந்திங் மலைச் சாலையிலிருந்து பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் உயிரிழந்தனர்.

புக்கிட் கந்தாங் நிகழ்ச்சிக்குப் பின் ஓட்டுநர்மேல் பல சம்மன்கள் நிலுவையில் இருந்தது வெளிவந்தது. அவரை அப்பணியில் அமர்த்தியவர் யார், இரவில் நெடுந்தொலைவு ஓட்டுவோருக்கு ஓய்வு உண்டா, பேருந்தின் மேற்கட்டு கவிழ்தலைத் தாங்குமா என்னும் கேள்விகள் அதன் பின்னரே உரக்கக் கேட்கப்பட்டன. போக்குவரத்து நிறுவனங்களுக்கெனப் பாதுகாப்பு நடைமுறை நெறியும் வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையச் சட்டத்தின்கீழ்த் தனி ஆணையம் அமைந்தது. அது 2019இல் கலைக்கப்பட்டு அதன் பணிகள் பிற அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. பொறுப்பை ஏற்கும் அமைப்பே அடிக்கடி மாறும்போது, முந்தைய விசாரணையின் பரிந்துரைகள் நிறைவேறினவா எனப் பின்தொடர்வோர் இல்லாமற் போகும் அபாயம் உண்டு.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள் அதிகாலை, கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கும் அப்பல்கலைக்கழகத்தோடு இவ்விதழின் வாசகர் பலருக்கும் தொடர்புண்டு. பேருந்தை இயக்குவதற்கான அனுமதி வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததைக் கண்டறிந்த அரசு அவ்வனுமதியை இரத்துச் செய்தது. அவ்வாண்டு ஜூலை முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமாயிற்று. கனரக ஊர்திகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இயங்குவதை உறுதி செய்யும் விதி அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முன்னர்க் கண்ட தனித்தடத்திற்கு இனமானது. ஓட்டுநரின் பொறுமையை அது நம்பியிருப்பதில்லை. ஆயினும் இத்தகைய விதி பதினைந்து மாணவரின் சாவுக்குப் பின் விரைவு பெறுவதும், சாவுகளுக்கிடையே தளர்ந்துவிடுவதும் மலேசிய வரலாற்றில் நாம் பன்முறை காணும் போக்காகும்.

வகுப்பறையும் கட்டுரையும்

இவ்வரலாற்றில் தமிழாசிரியர்களுக்கும் ஓர் இடமுண்டு. சாலை விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள் என்னும் தலைப்பு தமிழ்ப்பள்ளிக் கட்டுரைப் பயிற்சிகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவது. அதற்கு மாணவர் எழுதும் விடையை நாம் அறிவோம். ஓட்டுநர் கவனமாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டக் கூடாது. பாதசாரிகள் இருபுறமும் நோக்கிக் கடக்க வேண்டும். ‘விவேகமே வேகம்’ என்பதை உணர வேண்டும். ஒவ்வொரு கருத்தும் சரியானதே. எனினும் கட்டுரை முழுவதிலும் சாலையை அமைத்தவர் வருவதில்லை; பேருந்து நிறுவனம் வருவதில்லை; அரசும் பெரும்பாலும் தண்டிப்பதற்கு மட்டுமே வருகின்றது.

பன்னிரண்டு அகவைச் சிறுவர்க்கு முதற்கண் தற்காப்பைக் கற்பிப்பது முறையே. ஆயினும் அவர்கள் இடைநிலைப் பள்ளியை அடையும்போது, கேள்வியைச் சற்று விரிக்க இயலும். நம் பள்ளியின் முன்னுள்ள சாலையில் வேகத் தடை உண்டா? நடைபாதை எங்கே முடிகின்றது? பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாயிலுக்கு வர மாணவர் எத்தனை தடங்களைக் கடக்கின்றனர்? இவற்றைக் கண்டறிந்து எழுதும் மாணவர், கட்டுரை இலக்கணத்தோடு குடிமை உணர்வையும் கற்பர். ஊர் மன்றத்திற்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்திற்கும் இதைவிடப் பொருத்தமான பொருள் அமைவது அரிது.

முடிவுரை

1946 முதல் இன்று வரையிலான மலேசியச் சாலைப் பாதுகாப்பு வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தலைக்கவசம், தனித்தடம், முகப்பு விளக்கு ஆகியவை போன்று எளிதில் கண்காணிக்கத் தக்கனவும் சாலையையே மாற்றுவனவுமான நடவடிக்கைகள் அளவிடத் தக்க பயனைத் தந்துள்ளன. இரண்டாவது, முன்னுரைப்போடும் ஊர்தி எண்ணிக்கையோடும் ஒப்பிட்டுக் காணும் இலக்குகள் எட்டப்பட்ட பின்னும் ஆண்டுக்கு ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். ஆகவே இறந்தோரின் எண்ணிக்கையே முதன்மை அளவுகோலாதல் வேண்டும். மூன்றாவது, நிறுவனப் பொறுப்பு பெரும் விபத்துகளுக்குப் பின் மட்டும் நினைவுகூரப்படுகின்றது. அது நிலைபெற, விசாரணைப் பரிந்துரைகளின் நிறைவேற்றம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வைக்கப்படுதல் நலம்.

1970களில் உலகிற்கே முன்னோடியாக மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் அமைத்த நாடு இது. அத்தடம் பெரும்பாலான சாலைகளுக்கு இன்னும் சென்று சேரவில்லை. இறப்போருள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்வோராக இருக்கும்வரை, அவர்தம் மனப்பான்மையைப் பற்றிப் பேசுமுன் அவர்களுக்கு நாம் அளித்திருக்கும் சாலையைப் பற்றிப் பேசுவதே நேர்மையாகும்.